சுரங்கக் கோபால்ட்டா, மறுசுழற்சிக் கோபால்ட்டா?

உலகில் தோண்டியெடுக்கப்படும், மின்கலங்களில் பயன்படும் உலோகமான கோபால்ட்டில் பாதிக்கும் மேற்பட்டது காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்தே வருகிறது. அளவில் அதற்கு ஈடில்லை என்றாலும், அங்குள்ள சிறு சுரங்கங்களில் குழந்தைகள் உழைப்பது பலமுறை ஆவணப்படுத்தப்பட்டுள்ளதால், பொருளின் பிறப்பிடத்தைத் தேடிப் பார்க்கும் இளைய நுகர்வோரிடம் அது எளிதில் நம்பிக்கை பெறுவதில்லை. மறுசுழற்சிக் கோபால்ட்டின் சிக்கல் வேறு: உரிய முறையில் தூய்மைப்படுத்திய உலோகம் வேதியியலில் புதியதைப் போன்றதே என்றபோதிலும், பழையதிலிருந்து எடுத்தது தரம் குறைந்தது என்றே மூத்தவர்கள் பலர் ஐயுறுகின்றனர். (தலைமுறைகளை இப்படிக் கோடு கிழித்துப் பிரிப்பது சற்று மிகைதான்.) மறுசுழற்சிக் கோபால்ட்டின் மெய்யான குறை, கிடைக்கும் அளவே: இன்று விற்கும் மின்வாகனங்களின் மின்கலங்கள் பல ஆண்டுகள் கழித்தே மறுசுழற்சிக்கு வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய சட்டம்கூட, 2031 முதல் புதிய மின்வாகன மின்கலங்களிலுள்ள கோபால்ட்டில் 16 விழுக்காட்டையே மறுசுழற்சிக் கோபால்ட்டின் குறைந்தபட்சப் பங்காக வைத்துள்ளது. ஆகவே இப்போதைக்கு என் தேர்வு, பிறப்பிடம் சரிபார்க்கப்பட்ட சுரங்கக் கோபால்ட்டே.