சால்ஸ்பர்க் வெள்ளி: லோட்ரோன் தாலரா, ஃபிர்மியான் தாலரா, திருகு தாலரா?

இன்று ஆஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பர்க்கின் கத்தோலிக்க இளவரசப் பேராயர்கள் சமயத் தலைமையோடு ஆட்சியுரிமையும் பெற்றிருந்ததால், தம் பெயரிலேயே தாலர் எனப்படும் பெரிய வெள்ளி நாணயங்களை அச்சிட்டனர். அங்கு புராட்டஸ்டன்டுகள் மீது நடந்த சமயத் துன்புறுத்தலை நினைவூட்டும் ஒரே ஒரு வெள்ளியை வாங்க விரும்பும் சேகரிப்பாளர் பெரும்பாலும் மூன்றுக்கிடையே தயங்குவார்.

பாரிஸ் லோட்ரோனின் (1619–1653) தாலர் எளிதில் கிடைப்பது. ஒரு பக்கம் குழந்தை இயேசுவுடன் மரியன்னையும், மறுபக்கம் உப்புக்கலத்துடன் சால்ஸ்பர்க்கின் காவல் புனிதரான ரூபர்ட்டும் இருப்பர். உருளை அச்சில் அடித்தவை சற்றே வளைந்திருப்பதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. அழகிலும் விலை மலிவிலும் இதுவே முந்துகிறது. ஆனால் ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போரிலிருந்து (1618–1648) நாட்டைப் பெரிதும் காத்தவர் என்பதே லோட்ரோனின் புகழ் என்பதால், நம் பொருளுக்கு இது சற்றுத் தள்ளியே நிற்கிறது.

பொருளின் மையத்தில் நிற்பவர் பேராயர் லியோபோல்ட் அன்டோன் ஃபிர்மியான் (1727–1744). 1731 ஆகஸ்டில் அவர் நாட்டின் ஷ்வார்ட்சாக் என்ற ஊரில் கூடிய புராட்டஸ்டன்ட் விவசாயிகளின் தலைவர்கள், உப்பைத் தொட்டுச் சத்தியம் செய்ததாகச் சொல்லப்படுகிறது. பேராயர்களின் நாணயத்தில் ரூபர்ட் ஏந்தி நிற்பதும் உப்பைத்தான். அவ்வாண்டு அக்டோபர் 31 நாளிட்ட ஃபிர்மியானின் ஆணை, புராட்டஸ்டன்டுகளான நிலமற்றோரில் 12 வயதைக் கடந்தவர்களை எட்டே நாளில் வெளியேறச் சொன்னது. ஏறத்தாழ 20,000 பேர் நாட்டை இழந்தனர். ஃபிர்மியானின் தாலர் இதைப் பற்றி மூச்சே விடாது. பேராயரின் உருவமும் பட்டங்களும் சின்னமுமே அதில் உண்டு.

நாணயம் சொல்லாததைச் சொல்வது 1732-இல் ஜெர்மன் நகரான ஆக்ஸ்பர்க்கில் உருவான திருகு தாலர். உட்குடைந்த இரு வெள்ளிப் பாதிகளைத் திருகித் திறந்தால், வெளியேறியவர்களின் கதை வண்ணம் தீட்டிய சிறு வட்டப் படங்களாக உள்ளே அடுக்கப்பட்டிருக்கும். அவர்களில் பலரைப் பிரஷ்ய மன்னர் வரவேற்றுக் குடியமர்த்தினார். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் எபனேசர் என்ற ஊரில் 1734-இல் குடியேறிய சிறு குழுவுக்குப் போதகர்களை அனுப்பிய, ஜெர்மனியின் ஹாலே நகரப் புராட்டஸ்டன்ட் நிறுவனமே, தரங்கம்பாடி மிஷனுக்கும் ஆள் அனுப்பி வந்தது.

திருகு தாலர் மனத்தைக் கவர்ந்தாலும், அது பேராயர் வெளியிட்டதன்று, செலாவணியுமன்று; நாணயம் என்ற கணக்கில் என் தேர்வு ஃபிர்மியான் தாலரே. திருகு தாலரையே விரும்புவோர், மரையின் தேய்மானத்தையும் படங்களில் எதுவும் குறைகிறதா, பின்னாளில் சேர்க்கப்பட்டதா என்பதையும் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.