கியோட்டோவா, பாரிஸா, மான்ட்ரியலா: விலகிப் போனால் என்ன நஷ்டம்?

காலநிலை தொடர்பாக எங்கள் குழு ஒரு மனு தயாரித்தபோது, உலக நாடுகளிடம் எந்த மாதிரி ஒப்பந்தம் கேட்பது என்ற பகுதி என் கைக்கு வந்தது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓசோன் படலத்தைக் காக்க நாடுகள் செய்துகொண்ட மான்ட்ரியல் நெறிமுறையின் வழியைத்தான் கேட்டு எழுதினேன். அதற்கு முன் பல வருடம் கியோட்டோ பக்கம் நின்றவன் நான்.

கியோட்டோ நெறிமுறை 1997-இல், புவியைச் சூடேற்றும் வாயுக்களைக் குறைக்கப் பணக்கார நாடுகளுக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் இலக்கு வைத்தது. பாரிஸ் ஒப்பந்தம் 2015-இல் எல்லா நாடுகளையும் உள்ளே கொண்டுவந்தது, ஆனால் இலக்கை அவரவர் விருப்பத்துக்கு விட்டது. ஒன்றில் கண்டிப்பு அதிகம், இன்னொன்றில் ஆள் அதிகம். இது தெரிந்த கதைதான். கார்பன் வரியை எல்லா நாடுகளும் ஒரே அளவில் போடலாம் என்ற யோசனையும் உண்டு. கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் ஆஸ்திரேலியா 2012-இல் கொண்டுவந்த கார்பன் விலை, ஆட்சி மாறியதும் 2014-இல் ரத்தாகிவிட்டது.

நான் கடைசியில் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். கையெழுத்துப் போட்ட அரசு போய், பிடிக்காத அரசு வந்தால் என்ன ஆகும்? விலகிப் போகிறவருக்கு ஏதாவது நஷ்டம் உண்டா?

கியோட்டோவில் தண்டனை இருந்தது. இலக்கைத் தவறவிட்டால், தவறிய அளவைப் போல 1.3 மடங்கு அடுத்த கட்ட ஒதுக்கீட்டில் கழிப்பார்கள். சரி, அடுத்த கட்டத்துக்கே வராவிட்டால்? கனடா அதைத்தான் செய்தது. இலக்கு கைக்கு எட்டாத தூரம் போனதும் 2011 டிசம்பரில் விலகுவதாக அறிவித்தது; ஒரு காசு அபராதம் இல்லை. ஜப்பானும் ரஷ்யாவும் இரண்டாம் கட்டத்துக்கு இலக்கு ஏற்கவே இல்லை. இதைப் படித்த அன்றுதான் என் பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது.

பாரிஸ் அந்தத் தண்டனையையும் வைத்துக்கொள்ளவில்லை. அதன் 15-ஆவது பிரிவு, இணக்கத்தைக் கவனிக்கும் குழு யாரையும் தண்டிக்காது என்றே சொல்கிறது. அமெரிக்கா 2020 நவம்பரில் வெளியேறி, 2021 பிப்ரவரியில் திரும்பி வந்து, 2025 ஜனவரியில் மறுபடி விலகுவதாக அறிவித்தது. கதவு அவ்வளவு லேசாகத் திறக்கிறது.

மான்ட்ரியல் 1987-இல் வேறு மாதிரி யோசித்தது. ஃப்ரிட்ஜ் போன்றவற்றில் இருந்த, ஓசோனை அரிக்கும் சி.எஃப்.சி. வாயுக்களை உறுப்பினர் அல்லாத நாட்டோடு வாங்கவோ விற்கவோ கூடாது. வெளியே நின்றால் சந்தை போய்விடும். தடையோடு நிற்காமல், வளரும் நாடுகளுக்கு 10 வருட அவகாசம் தந்தார்கள். 1990-இல் லண்டனில் கூடி, மாற்றத்துக்கு ஆகும் செலவைக் கொடுக்கத் தனி நிதியும் அமைத்தார்கள். சீனா 1991-இலும் இந்தியா 1992-இலும் சேர்ந்தது அதன் பிறகுதான். 2009-க்குள் ஐ.நா. உறுப்பு நாடுகள் அத்தனையும் உள்ளே வந்துவிட்டன.

இதன் பலனை ஃப்ரிட்ஜின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே பார்க்கலாம். உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயுவின் பெயர் அது. பழையதில் ஆர்-12 என்ற சி.எஃப்.சி. இருக்கும், அடுத்து வந்ததில் ஆர்-134ஏ, இப்போது பல மாடல்களில் ஆர்-600ஏ. ஓசோனைத் தின்ற ஆர்-12-ஐ விரட்டியது மான்ட்ரியல். கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு சூடேற்றும் ஆர்-134ஏ போன்றவற்றைக் குறைக்க 2016-இல் மான்ட்ரியலுக்கே கிகாலி திருத்தம் வந்தது. அதிலும் 2033 முதல் உறுப்பினர் அல்லாதவர்களோடு வர்த்தகத் தடை உண்டு. கியோட்டோவுக்குச் சில மாதம் முன்பு, வளரும் நாடுகளுக்கும் கடமை இல்லாத ஒப்பந்தம் வேண்டாம் என்று 95-0 என வாக்களித்த அதே அமெரிக்க செனட், 2022-இல் கிகாலியை 69-27 என ஏற்றது. ஏற்கச் சொல்லிக் கேட்டவர்களில் அந்நாட்டுத் தொழில் அமைப்புகளும் இருந்தன. சந்தையை இழக்க அவர்களுக்கு மனமில்லை.

கரியமில வாயுவுக்கு இது அப்படியே பொருந்துமா? இங்கேதான் எனக்குத் தயக்கம். சி.எஃப்.சி.யைத் தயாரித்தவர்கள் சிலர்தான், மாற்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கரியமில வாயு அடுப்பிலிருந்து சிமென்ட் சூளை வரை எங்கும் வருகிறது. அதனால் ஒரே ஒப்பந்தம் கேட்காமல், எஃகு, சிமென்ட், அலுமினியம் என்று துறை துறையாகக் கேட்டேன். ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பொருள்களின் இறக்குமதிக்கு 2026 முதல் கார்பன் கட்டணம் கணக்கிடுகிறது. தடியைக் கையில் எடுத்துவிட்டார்கள். ஆனால் மான்ட்ரியலில் தடியோடு வந்த நிதி இதில் இல்லை. ஏழை நாடுகள் இதைச் சொந்தத் தொழிலைக் காக்கப் போடும் வரி என்று எதிர்ப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

மனுவில் எஃகுக்கு முதலிடம் கொடுத்தேன். அப்புறம், நிதியைப் பற்றிய பத்தியை வர்த்தகத் தடைக்கு முன்னால் நகர்த்தினேன்.