இசபெல்லா தீவின் லாஸ் துனெலெஸ்: கொடுத்த காசுக்குத் தகுமா?

ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகளில் 2024 ஆகஸ்ட் முதல் பூங்கா நுழைவுக் கட்டணமே 200 டாலர். அதற்கு மேல் லாஸ் துனெலெஸ் போகும் இந்த ஒருநாள் படகுப் பயணத்துக்கும் நூறு டாலருக்கு மேல் கேட்டதும் தம்பி தயங்கினான். நான் விடவில்லை. அங்கே வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

இசபெல்லாவின் துறைமுக ஊரான புவர்ட்டோ வில்லமிலிலிருந்து விரைவுப் படகில் முக்கால் மணி நேரம் ஆகும். அலை உடைகிற இடத்தைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் கடல் அடங்கிவிடுகிறது. எரிமலைக் குழம்பின் மேற்பரப்பு ஆறி இறுகிய பிறகும் உள்ளே ஓட்டம் நிற்காமல் வடிந்துபோனதால் உண்டான குகைக்குழாய்கள்தான் லாஸ் துனெலெஸ். கூரை இடிந்தது போக மிஞ்சியவை தண்ணீருக்கு மேல் கறுப்புப் பாலங்களாக நிற்கின்றன. மண் என்று பெயருக்குக்கூட இல்லாத அந்தப் பாறையில் கள்ளிமரங்கள் வளர்ந்திருக்கின்றன!

நடக்கிற வழியிலேயே நீலக்கால் பூபி என்ற கடற்பறவை ஒன்று குஞ்சோடு உட்கார்ந்திருந்தது. "அக்கா, கால் நிஜமாவே நீலம்!" என்று தம்பி கிசுகிசுத்தான். எங்களைப் பார்த்து அது நகரவே இல்லை. விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. செல்ஃபிக்காக ஒருவர் குனிந்ததும் எங்கள் கைடு கையை நீட்டி மறித்துவிட்டார். என் முழு மதிப்பெண்ணும் அந்தக் கண்டிப்புக்குத்தான். அந்தப் பறவை மனிதரைக் கண்டு அஞ்சாமல் இருப்பதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை அந்த 2 மீட்டர்.

தண்ணீருக்குள்ளும் அவர் அப்படித்தான். பகலில் வெண்முனைச் சுறாக்கள் ஓய்வெடுக்கும் குகை வாசலுக்கு எங்களை ஒவ்வொருவராகத்தான் அனுப்பினார். உள்ளே நாலைந்து சுறாக்கள் அடுக்கடுக்காகப் படுத்திருந்தன. அலையாத்தி வேரில் வாலைச் சுற்றிக்கொண்டிருந்த கடல்குதிரையை அவர் விரல் காட்டியிராவிட்டால் வேர் என்றே நினைத்துக் கடந்திருப்பேன். பச்சை ஆமைகளைத் தேடவே வேண்டாம், தாமாகவே பக்கத்தில் வந்து மேய்கின்றன.

குறை சாப்பாட்டில்தான். சைவம் என்று முன்கூட்டியே சொல்லியும் டூனா சாண்ட்விச் கொடுத்தார்கள். பழமும் பிஸ்கட்டும் கையில் கொண்டுபோங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை தண்ணீர் குளிரும், அலையும் கூடும். படகு ஏறும் முன்பே வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். உடல் முழுவதும் மூடும் நீச்சல் உடையின் வாடகையும் கட்டணத்தில் சேர்ந்ததா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு இறங்கலாம், தம்பி அப்படித்தான் இறங்கினான்.