டெப்பில் கணிதச் சோதனை: மூன்று வருடம் செய்து பார்த்ததில்

மட்டக்களப்பின் படுவான்கரையில் சின்னப் பாடசாலை ஒன்றில் தரம் 2, 3 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். பிள்ளை சொல்லும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றிக்கொள்ளும் கணினிச் சோதனையை மூன்று வருடமாக, தவணைக்கு ஒருமுறை கணிதத்துக்கு நடத்துகிறோம். பழைய மாணவர்கள் வாங்கித் தந்த ஆறு டெப்தான் (தொடுதிரைக் கையடக்கக் கணினி) இருக்கிறது. கரண்ட் போகும், சிக்னல் போகும், அது எல்லாருக்கும் தெரிந்த கதை.

சரியாகச் செய்தால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமாக வரும், பிழைத்தால் இலகுவாக வரும். டென்மார்க்கைச் சேர்ந்த ஜோர்ஜ் ராஷ் 1960இல் வெளியிட்ட முறை இப்படிப்பட்ட பல சோதனைகளுக்கு அடித்தளம். கேள்வியின் கடினத்தையும் பிள்ளையின் திறனையும் அவர் ஒரே அளவுகோலில் வைத்தார். ஆளுக்கு வேறு வேறு கேள்வி வந்தாலும் ஒப்பிட முடிவது அதனால்தான்.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய நன்மையைச் சொல்கிறேன். தவணைப் பரீட்சையில் 12 புள்ளி எடுத்த ஒரு பிள்ளை. அந்தத் தாளைப் பார்த்தால் அவளுக்கு என்ன தெரியும் என்றே தெரியாது. டெப் அவளோடு படிப்படியாகக் கீழே இறங்கி, பத்துக்குள் கூட்டல் நன்றாக வருகிறது, 8உம் 5உம் போலப் பத்தைத் தாண்டும் இடத்தில்தான் நிற்கிறாள் என்று காட்டியது. அடுத்த நாளே புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து அந்த இடத்திலிருந்து தொடங்கினோம்.

கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் முதலில் கலங்கினார்கள். எந்தப் பிள்ளைக்கும் ஏறக்குறையப் பாதிக் கேள்வி பிழைக்கும்படியே இது ஓடும். எப்போதும் நூறு எடுக்கிற ஒருவன், "எனக்கு எல்லாம் பிழைக்குது சேர்" என்று அழுதுவிட்டான். முதலே சொல்லி வைக்காதது என் தவறு. இப்போது தொடங்குமுன் சொல்கிறேன்: "மரத்தில ஏறுற மாதிரி, உங்களுக்கு எட்டாத கொப்பு வரைக்கும் இது கேட்டுக்கொண்டே போகும்."

என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. கேள்விகள் ஹெட்போனில் வரும், திரையில் விடைகள் மட்டும் இருக்கும். "தொண்ணூற்று மூன்றிலிருந்து இருபதைக் கழித்தால்?" என்றதற்கு ஒருவன் 83ஐத் தொட்டான். பிழை. கேள்வி இலகுவானது, மட்டமும் இறங்கியது. பக்கத்தில் இருந்து கேட்டேன்: "எப்படி மகன் எண்பத்து மூணு வந்த?"

"நூத்தி மூணில இருபது போனா எம்பத்தி மூணுதானே சேர்."

கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. தொண்ணூறு என்பதற்குள் ஒளிந்திருக்கிற நூறுதான் அவன் காதில் விழுந்திருக்கிறது. நம் மொழியில் தொண்ணூறுக்குள் நூறும் தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் இருக்கிறது. எண்பதும் எண்ணூறும் ஒன்றுபோலத் தொடங்குகின்றன. பெரியவர்களுக்கு இது உறைக்காது. ஏழு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் வேகமான பதிவுக் குரலில், எப்படி விளங்கும்? அந்தப் பிள்ளையின் அறிக்கையில் 'கழித்தலில் பலவீனம்' என்றிருந்தது. நான் பக்கத்தில் இருந்திராவிட்டால் அவனை ஒரு தவணை முழுக்கத் தெரிந்த கழித்தலையே திரும்பச் செய்ய வைத்திருப்பேன்.

புள்ளியைப் பற்றியும் ஒன்று. போன தவணையைவிட மூன்று புள்ளி குறைந்ததென்று ஒரு தாய் கவலையோடு வந்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் இருபக்கமும் ஒரு வழு எல்லை உண்டு, அதாவது அதே பிள்ளை திரும்பச் செய்தாலும் புள்ளி அந்தளவு கூடிக் குறையலாம், இந்தக் குறைவு அதற்குள்தான் அடங்குகிறது என்று அறிக்கையைக் காட்டி விளங்கப்படுத்தினேன். இந்தப் புள்ளியை வைத்து வகுப்பில் முதலாம், இரண்டாம் பிள்ளை என்று வரிசைப்படுத்த நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

சோதனையை விடும் எண்ணம் இல்லை. அதைத் தயாரித்தவர்களுக்கு, கேட்கும் எண்ணைத் திரையில் இலக்கத்திலும் காட்டுங்கள் என்று எழுதியிருக்கிறேன். அது வரும்வரை சோதனை நாள் காலையில் 89இலிருந்து 110 வரை நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, பிள்ளைகள் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார்கள். 93ஐ 103 என்று எழுதுகிற பிள்ளைக்கு அன்றைக்கு டெப் கொடுப்பதில்லை.