ஊர்ச் சத்தத்துக்கு ஒரு வைஃபை ரேடியோ: எட்டு மாத அனுபவம்

வெளிநாடு வந்த பிறகு நான் அதிகம் ஏங்கியது ஒரு சத்தத்துக்கு. பக்கத்து அறையில் யாரோ நம் மொழியில் சும்மா பேசிக்கொண்டிருக்கும் சத்தம். அதற்காகத்தான் இணையம் வழியாக ஊர் நிலையங்களைப் பிடிக்கும் இந்த வைஃபை ரேடியோவை வாங்கினேன்.

போனிலேயே கேட்கலாமே என்பார்கள். கேட்டுப் பார்த்தேன். போனை எடுத்தால் கை வேறெங்கோ போய்விடுகிறது. இதில் ஒரே பொத்தான். அமுக்கினால் ஊர் நிலையம் பேச ஆரம்பிக்கும், நான் துணி மடிப்பேன். செய்தியைவிட எனக்குப் பிடித்தது வானிலை அறிக்கையும் போக்குவரத்து நெரிசல் தகவலும்தான். நான் நனையப்போகாத மழை, நான் மாட்டப்போகாத நெரிசல். கேட்க அவ்வளவு சுகம்!

வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இந்த ரேடியோ இணையும், 5 கிகாஹெர்ட்ஸில் இணையாது. அது தெரியாமல் முதல் நாள் சாயங்காலம் முழுக்க வீணாயிற்று. இணைய ஒலிபரப்பு எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே வரும். அம்மாவோடு போனில் பேசும்போது, அங்கே முடிந்த பாட்டு இங்கே அரை நிமிடம் கழித்து முடிகிறது. முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது இருவருக்கும் அதுவே விளையாட்டு. கோடைக்காக இங்கே கடிகாரத்தை முன்தள்ளினால் என் காலை நிகழ்ச்சி ஒரு மணி நேரம் பிந்திவிடுகிறது. அலாரத்தை நாமேதான் மாற்றவேண்டும். நிலையம் தன் இணைய முகவரியை மாற்றினால் பொத்தான் ஊமை. ஒருமுறை ஒரு வாரம் அப்படிக் கிடந்தது. வீடே காலியானது போல இருந்தது.

ஸ்பீக்கர் சுமார்தான், பேச்சுக்குப் போதும். இசைப் பிரியர்கள் வேறு பாருங்கள். ஐந்துக்கு நாலு.