குப்பைக் குழாயா, நீலத் தொட்டியா, காரங்குனியா?

குப்பையைப் பிரிக்கச் சொல்லும் தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் மீத்தேனில்தான் தொடங்கும். சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குகளுக்கு அது சரி. காற்றுப் புகாத குவியலில் மக்கும் சோறும் காய்கறித் தோலும் மீத்தேனை விடும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றும். சிங்கப்பூரில் கதையே வேறு. அடுக்குமாடி வீடுகளிலிருந்து குப்பைக் குழாய் வழியே கீழே விழும் குப்பை எரியாலையில் எரிகிறது, சாம்பல்தான் படகேறி செமக்காவ் தீவின் குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது.

அதனால் வாழை இலையும் மீந்த சாம்பாரும் குழாய்க்குள் போனால் பெரிய பாவமில்லை. அவற்றிலுள்ள கரி (கார்பன்), செடி காற்றிலிருந்து எடுத்ததுதான். ஈரம் உலையின் சூட்டைத் தின்னும், அவ்வளவே. தனியே சேர்த்து நொதிக்க வைத்தால் எரிவாயு கிடைக்கும் என்பது உண்மை. அந்த வசதி நம் புளோக்கில் இருக்க வேண்டுமே!

பிளாஸ்டிக்கில்தான் கணக்கு உதைக்கிறது. ஒரு டன் பாலிஎத்திலீன் எரிந்தால் சுமார் 3 டன் கரியமில வாயு வரும், அத்தனையும் பெட்ரோலியக் கரி. “எரித்து மின்சாரம் எடுக்கிறார்களே?” என்று கேட்கலாம். எடுக்கிறார்கள்தான். ஆனால் ஒரு டன்னிலிருந்து தோராயமாக 2,600 யூனிட் வரும். இயற்கை எரிவாயுவில் ஓடும் நம் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு சுமார் 0.4 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், அந்த மின்சாரத்தால் தவிர்க்கப்படுவது ஏறக்குறைய ஒரு டன். பாக்கி இரண்டு டன் காற்றில்தான். எண்ணெய் பாட்டிலை அலசி மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் போடும் ஒரு நிமிட வேலைக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

நீலத் தொட்டிக்கும் ஒரு குறை உண்டு. அதில் விழுவதில் சுமார் 40% தேறுவதில்லை. சாஸ் வழியும் ஒரு டப்பா பக்கத்துத் தாள்களையும் கெடுத்துவிடும், எல்லாம் திரும்ப எரியாலைக்கே. தாளைப் பொறுத்தவரை, வீடு வீடாக வந்து பழைய சாமான் வாங்கும் காரங்குனிக்காரரே மேல் என்பேன். நாளிதழ் கட்டு நனையாமல், கறைபடாமல் அவர் வண்டிக்குப் போய்விடுகிறது, கையில் கொஞ்சம் சில்லறையும் வரும்.

உலோகத்தில் ஒரு வேடிக்கை. மைலோ டின் குழாயில் விழுந்தாலும், அது இரும்பு என்பதால் எரியாலையில் காந்தம் பிடித்துவிடும். குளிர்பான அலுமினியக் கேனுக்குக் காந்தம் ஒட்டாது. மெல்லிய தகடாக இருப்பதால் உலையில் கொஞ்சம் ஆக்சைடாகியும் வீணாகும். புதிய அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பழையதை உருக்க 95% ஆற்றல் குறைவு. ஆகவே பிரிப்பதற்கு முதல் இடம் கேனுக்குத்தான், டின்னுக்கு அல்ல. 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்கமாகக் கொண்ட 10 காசு வைப்புத் தொகைத் திட்டத்தில் (வாங்கும்போது கட்டும் காசு, காலியைத் திருப்பினால் கிடைக்கும்) பானக் கேனும் பாட்டிலும் நீலத் தொட்டியின் அழுக்கோடு கலக்காமல் தனி வழியில் போகும். கறைக்கு அதுதான் நேரடி மருந்து.

அப்புறம் குழம்பு படிந்த பிளாஸ்டிக் டப்பா. ஒரு அலசலில் போனால் நீலத் தொட்டி. மஞ்சள் கறை மட்டும் நின்றால் பரவாயில்லை. எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லையென்றால், அந்த இரண்டு டன் கணக்கு உறுத்தினாலும், குழாய்தான்.