கரணைக்கிழங்கா, இராசவள்ளியா?

தை பிறந்தால் மட்டக்களப்புச் சந்தையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஊதா நிறம் தெரிய ஒரு துண்டு வெட்டி மேலே வைத்த இராசவள்ளி ஒரு குவியல். மண் காய்ந்து ஒட்டியிருக்கிற கரணை ஒரு குவியல். இராசவள்ளி மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். கரணையைப் புரட்டிப் பார்த்து, "காறுமோ?" என்று கேட்டுவிட்டு ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்புவதே இல்லை. வாராவாரம் கறிக்கு எடுப்பதென்றால் கரணையைத்தான் எடுக்க வேண்டும் என்பேன். இராசவள்ளிக்கு வேறு வேலை இருக்கிறது.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாங்கள் கரணை என்பதைத் தமிழ்நாட்டில் சேனை என்பார்கள். அங்கே கருணை என்றால் பல ஊர்களில் அது சின்னதான பிடிகருணை. இந்தியக் காணொளியில் "கருணைக்கிழங்கு லேகியம்" பார்த்துவிட்டு இங்கே கரணை வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இராசவள்ளியோ வேறு குடும்பம். அது கொடியாகப் படர்கிற வள்ளியினம். பிலிப்பைன்ஸில் ஐஸ்கிரீம் வரைக்கும் போடுகிற உபே இதுதான்.

கரணையைத் தள்ளிவைப்பதற்கு ஒரே காரணம் காறல். கிழங்குக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் இருக்கின்றன. அவை குத்துவதால்தான் கை கடிக்கிறது, தொண்டை கரகரக்கிறது. இதற்கு மாமி சொல்லித் தந்த வழியை இன்றைக்கும் மாற்றவில்லை. கையில் தேங்காய் எண்ணெய் தடவி, கிழங்கையும் கையையும் ஈரமில்லாமல் வைத்துக்கொண்டு, தோலைத் தடிப்பாகச் சீவ வேண்டும். மெல்லிசாகச் சீவினால் கடி தோலோடு போகாது. துண்டுகளைப் புளித்தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதிதாகப் புளியும் மஞ்சளும் உப்பும் போட்டு அவிக்க வேண்டும். ஈர்க்கு தடையில்லாமல் இறங்கியதும் ஒரு துண்டை ஆறவைத்து நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். சுணைத்தால் இன்னும் கொஞ்சம் புளி, இன்னும் ஒரு கொதி. சரி என்றால் வடித்துவிட்டுத் தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணம் வைக்கலாம், பொரிக்கலாம். நான் வாவி இறால் போட்டுப் பிரட்டுவேன். கிழங்கு உடையாமல் நின்று உறைப்பையும் புளிப்பையும் இழுத்துக்கொள்ளும். இராசவள்ளியை இப்படிப் பிரட்டப் போனால் கொழகொழத்துவிடும்.

போன மாதம் ஒரு பெரியம்மா கிழங்கைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "மனே, ரெண்டு மாசம் கிடந்த கிழங்கு இது. காறாது. புளிய மட்டும் மறந்திராத." அவர் சொன்னது சரிதான். தோண்டின உடனே சமைக்கிற கிழங்கைவிடக் கிடந்த கிழங்குக்குக் கடி குறைவு.

இராசவள்ளியின் இடம் கஞ்சிதான். தோல் சீவித் துண்டு போட்டு, முதற்பாலுக்குப் பிறகு பிழிகிற தண்ணியான கப்பிப்பாலில் அவித்தால் சட்டியே ஊதாவாகிவிடும். மத்தால் மசித்து, சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, முதற்பாலை ஊற்றியதும் இறக்கிவிட வேண்டும். என் மகள் ஒரு தரம் தன் கிண்ணத்துக்குள் தேசிக்காய் பிழிந்துவிட்டாள். ஊதா அப்படியே இளஞ்சிவப்புக்கு மாறியது. அந்த ஊதாவைத் தருகிற அந்தோசயனின் என்ற நிறப்பொருள் புளிப்புக்கு அப்படித்தான் நிறம் மாறும். காய்ச்சல் விட்டவர்களுக்கும் பல் விழுந்த பிள்ளைகளுக்கும் இதைவிட இதமான சாப்பாடு எனக்குத் தெரியாது. அவிக்காத வள்ளியினக் கிழங்கு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாச்சத்தும் 4 கிராம் நாரும் இருக்கிறது. சீனி வருத்தக்காரர் இதைச் சோற்றோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும், சீனி போட்ட கஞ்சி அவர்களுக்குச் சரிவராது.

வள்ளியினத்தில் சின்னதான சிறுவள்ளி அவித்து, சம்பலோடு காலையில் சாப்பிட நல்லது. அதற்கு மேல் அதை இந்தப் போட்டிக்குள் இழுக்கத் தேவையில்லை.

மருந்து என்று வந்தால் கரணையின் பக்கம் கனம் கூட. ஆயுர்வேதத்தில் அதற்கு அர்சோக்னம் என்றே ஒரு பெயர், மூலத்தை அழிப்பது என்று பொருள். கிழங்குகளில் கருணையைத் தவிர வேறொன்றும் உண்ணோம் என்று சித்தர் தேரையரின் பாடலிலும் வருகிறது. எங்கள் பக்கத்துப் பரிகாரிமாரும், அதாவது நாட்டு வைத்தியர்களும், மூலத்துக்கும் மலச்சிக்கலுக்கும் கரணையைத்தான் முதலில் சொல்வார்கள். நார் உள்ள கிழங்கு மலத்தை இளக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரத்தம் போனால் கிழங்கை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது, வைத்தியரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் ஒட்சலேற்று இருப்பதால் கரணையைக் குறைக்கத்தான் வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இராசவள்ளியும் யோசித்துச் சாப்பிட வேண்டியது, வள்ளியினத்தில் பொட்டாசியம் அதிகம்.

இன்னொன்று. பெண்களின் ஹோர்மோனுக்கு என்று காட்டுவள்ளி மாத்திரையும் கிறீமும் விற்கிறார்கள். அந்தக் கதையின் வேர் மெக்சிக்கோவில் இருக்கிறது. 1940களில் ரசல் மார்க்கர் என்ற இரசாயனவியலாளர் அங்கத்தைய காட்டுவள்ளியில் உள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளில் இருந்து புரொஜெஸ்தரோன் என்ற பெண் ஹோர்மோனைச் செய்தார். ஆனால் செய்தது ஆய்வுகூடத்தில். நம் உடம்பால் அந்த மாற்றத்தைச் செய்ய முடியாது. இராசவள்ளிக் கஞ்சியைக் காட்டி அப்படி யாராவது சொன்னால் தயவுசெய்து நம்ப வேண்டாம்.

வளவில் வைப்பதற்கு, வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமான எங்கள் எழுவான்கரை மணல் இரண்டுக்கும் பிடிக்கும், தண்ணீர் தேங்கினால் இரண்டும் அழுகும். மாரி மழையை நினைத்து மேடு கட்டித்தான் நட வேண்டும். இராசவள்ளி படரக் கம்போ பூவரசோ வேண்டும், கிழங்கு ஆழமாக இறங்குவதால் உடையாமல் தோண்டப் பொறுமையும் வேண்டும். கரணைக்கு இது ஒன்றும் தேவையில்லை. வாழைக்கும் தென்னைக்கும் இடையில் நிழலிலேயே ஒற்றைக் குடை மாதிரி நிற்கும். இலை மஞ்சளாகிச் சாய்ந்தால் தோண்டலாம்.

அந்தப் பெரியம்மாவிடம் வாங்கிய கிழங்கின் முளைப்பக்கத்தைச் சமைக்கவில்லை. வெட்டிய முகத்தில் சாம்பல் தடவிக் குசினி மூலையில் வைத்திருக்கிறேன். சித்திரையில் ஒரு மழை விழுந்ததும் கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் வைக்க இடமும் பார்த்தாயிற்று.